பாதி நாடு கொண்டாடி, பாதி நாடு திட்டித் தீர்க்கும் தலைவர்: கட்சிக்கு லாபமா, நட்டமா?

தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. "ஒரு தலைவரைப் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேருக்கு அவர் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிப்பட்ட ஒருவர் முன்னுக்கு நின்றால் அவருடைய கட்சிக்கு வாக்குக் கூடுமா, குறையுமா? நம்முடைய நாட்டு உதாரணத்தோடு சொல்லுங்கள்."

வாக்கு கூடுமா குறையுமா என்றால், தேர்தலுக்குத் தேர்தல் பதில் மாறும். அந்தத் தலைவர் ஓய்ந்த பிறகு கட்சி என்று ஒன்று மிஞ்சுமா என்று கேட்டால், இங்கே பெரும்பாலும் மிஞ்சவில்லை. விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். தேர்தல் இரவுகளில் தொகுதி தொகுதியாக வரும் முடிவுகளைத் தாளில் ஏற்றி, கூட்டிச் சரிபார்த்து, பக்கம் கட்டுகிறவரிடம் கொடுப்பது என் வேலை. வாக்காளர் மனசைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கூட்டல் கழித்தலில் கற்றது. மீதி வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் கற்றது.

படிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2015 ஜனவரி 8, ஜனாதிபதித் தேர்தல் நாள். மூன்றாம் மாடியில் இருந்த மாமிக்கு முழங்கால் வருத்தம். கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டவர். அன்று காலை ஏழு மணிக்கு முன்னமே, அடையாள அட்டையையும் வாக்குச் சீட்டு அறிவித்தலையும் ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நான் கேட்டேன், "மாமி, மைத்திரிபால ஆர் எண்டு தெரியுமா?" அவர் நிற்காமலே சொன்னார்: "வாற ஆளைத் தெரியாது தம்பி. போக வேண்டிய ஆளைத் தெரியும்."

அன்று இரவு மேசையில் இருந்து கூட்டியபோது எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. மைத்திரிபால சிறிசேனவுக்கு 51.28 வீதம், மஹிந்த ராஜபக்ஷவுக்கு 47.58 வீதம். வித்தியாசம் சுமார் நாலரை இலட்சம் வாக்கு. இப்போது யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு என்ற மூன்று தேர்தல் மாவட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த மூன்றிலும் மைத்திரிக்குக் கிடைத்த முன்னிலையைக் கூட்டினால் அதுவும் சுமார் நாலரை இலட்சம்! மீதி 19 மாவட்டங்களையும் ஒன்றாகப் போட்டால் இரண்டு பேரும் ஏறக்குறைய சமம். ஒருவரை மனதார வெறுக்கிறவர்கள் மூன்று மாவட்டங்களில் வரிசையில் நின்றார்கள், ஆட்சி மாறியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மக்கள் மஹிந்தவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது 2010 இலும் ஒன்றுதான், 2015 இலும் ஒன்றுதான். மாறியது வரிசையின் நீளம். 2010 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர். யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இடம்பெயர்ந்த சனம் பாதி ஊர் திரும்பவில்லை. நின்ற இரண்டு பேரில் ஒருவர் யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி, மற்றவர் அதை நடத்திய இராணுவத் தளபதி. யாருக்குப் புள்ளடி போடுவது? 2015 இல் அதே மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 2005 இல் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தில் விழுந்தது 1.2 வீதம். அந்தத் தேர்தலில் மஹிந்த ரணிலை வென்ற வித்தியாசம் நாடு முழுவதற்கும் 180,786 வாக்கு. வடக்கு வீட்டில் இருந்ததால் ஆட்சிக்கு வந்தவர், வடக்கு வீட்டை விட்டு வெளியே வந்ததால் போனார்.

ஆகவே பாதி நாடு வெறுக்கும் தலைவர் ஒருவர் நிற்கும்போது எத்தனை பேருக்கு அவரைப் பிடிக்காது என்று கருத்துக்கணிப்பு எடுத்துப் பிரயோசனமில்லை. பிடிக்காதவர்களில் எத்தனை பேர் அன்று காலை படி இறங்குவார்கள் என்பதுதான் கணக்கு. அவருடைய சொந்த ஆதரவாளர்கள் எப்படியும் வருவார்கள். அது அவர் கட்சிக்குக் கொண்டுவரும் சீதனம். ஆனால் மற்றவர்களின் வீட்டுக் கதவையும் அவரேதான் தட்டி எழுப்புகிறார். எதிர்க்கட்சி செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கிறார்.

எதிரிகளை ஒன்று சேர்க்கிற வேலையும் அப்படியே. 2015 இல் மைத்திரிக்குப் பின்னால் நின்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஐக்கிய தேசியக் கட்சி, பிக்குகளின் கட்சியாக வந்த ஜாதிக ஹெல உறுமய, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, முஸ்லிம் காங்கிரஸ், நம்ம மனோ கணேசன். ஹெல உறுமயவையும் கூட்டமைப்பையும் ஒரே பக்கத்தில் நிற்க வைக்க வேறு எந்தச் சக்தியாலும் முடிந்திருக்காது. போதாததற்கு வேட்பாளரே மஹிந்தவின் சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர். முதல்நாள் இரவு மஹிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எதிரணிக்குப் போய்விட்டார் என்று ஊரெல்லாம் ஒரு மாதம் இதே பேச்சாக இருந்தது.

மஹிந்தவுக்கு இது தெரியாமல் இல்லை. அந்தத் தேர்தலுக்கு யாழ்ப்பாணம் வந்து பேசியபோது, தெரியாத தேவதையை விடத் தெரிந்த பேய் மேல், அந்தத் தெரிந்த பேய் நான்தான் என்ற மாதிரிச் சொல்லி வாக்குக் கேட்டார். ஒரு அரசியல்வாதி தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, இதோடு கதையை முடித்தால் "வெறுக்கப்படும் தலைவர் கட்சிக்கு நட்டம்" என்று எழுதிவிட்டுப் போகலாம். 2019 வந்து அந்தப் பாடத்தை அழித்துவிட்டது.

2015 இல் தோற்ற மஹிந்தவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 21.85 வீதம். 2019 இல் வென்ற கோட்டாபயவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 6.24 வீதம். அண்ணனுக்கு விழுந்த வீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தம்பிக்கு விழவில்லை. மாமி அந்த முறையும் படி இறங்கினார். வடக்கும் கிழக்கும் மலையகமும் கிட்டத்தட்ட ஒரே கையாக எதிர் வேட்பாளர் சஜித்துக்குப் போட்டன. ஆனாலும் கோட்டாபய 52.25 வீதத்தோடு, 69 இலட்சம் வாக்கோடு வந்தார்.

எப்படி? 2015 தோல்வியைத் தெற்கில் படித்த விதம் ஒன்று இருந்தது: "தமிழர்களும் முஸ்லிம்களும் ஒன்றாகச் சேர்ந்து நம்முடைய ஆளைத் தோற்கடித்துவிட்டார்கள், நாம்தான் பிரிந்து நிற்கிறோம்." தோற்று ஆறு வாரம் ஆவதற்குள், 2015 பெப்ரவரி 18 அன்று, நுகேகொடையில் மஹிந்தவைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அவர் மேடைக்கே வரவில்லை. ஆனாலும் அன்று ஹைலெவல் வீதியில் பஸ் அசையவில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில், தொடங்கி ஒன்றரை வருடம் ஆகாத ராஜபக்ஷ குடும்பத்தின் மொட்டுக் கட்சி (பொதுஜன பெரமுன) நாட்டின் பெரும்பாலான சபைகளைப் பிடித்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தப் பேச்சுக்குப் பயமும் சேர்ந்துகொண்டது. கோட்டாபய பதவி ஏற்ற இடம் அநுராதபுரம் ருவன்வெலிசாய. அங்கே நின்றே, சிங்களப் பெரும்பான்மையின் வாக்கால் வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்தது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

அதாவது நம்முடைய பக்கத்து ஒற்றுமையே அவருடைய தேர்தல் விளம்பரமாகிவிட்டது. நாம் எவ்வளவு திரண்டு வெறுத்தோமோ அவ்வளவுக்கு அவர் அங்கே "நம்ம ஆள்" ஆனார். ஒருவரை வெறுக்கும் கூட்டம் ஒரே இனமாக, ஒரே திசையில் இருந்தால், அந்த வெறுப்பு அவருக்கு எருவாகிவிடலாம். அதே வெறுப்பு ஊர் ஊராகச் சிதறி, சிங்களத் தெருவிலும் தமிழ்த் தெருவிலும் ஒரே அளவில் இருந்தால் அவருக்குத் தப்ப வழியில்லை. அந்த இரண்டாவது நிலையை நாம் 2022 இல் பார்த்தோம்.

இடையில் தேர்தல் முறையைப் பற்றி நாலு வரி. முதல் எண்ணிக்கையிலேயே ஜனாதிபதியாக வர 50 வீதமும் ஒரு வாக்கும் வேண்டும். பாராளுமன்றத்துக்கு அப்படியில்லை, விகிதாசாரம். 225 ஆசனத்தில் 196 ஆசனம் மாவட்டங்களிலிருந்து, 29 ஆசனம் தேசியப்பட்டியலிலிருந்து. 40 வீதம் எடுத்தால் 40 வீதத்துக்கு ஏற்ற ஆசனம் வந்துவிடும். அதனால்தான் 2015 ஜனாதிபதித் தேர்தலில் கவிழ்ந்த மஹிந்த, அதே வருடம் ஓகஸ்ட்டில் வெற்றிலைச் சின்னத்தில் நின்று தன் பக்கத்துக்கு 95 ஆசனம் எடுத்துக் கொடுத்தார். தீவிர ஆதரவும் தீவிர எதிர்ப்பும் உள்ள ஆளுக்கு விகிதாசாரம் சொர்க்கம். தொகுதிமுறை இருந்த காலத்தில் அது நரகமாகவும் இருக்கலாம். 1977 இல் சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீத வாக்கு வாங்கியும் 168 ஆசனத்தில் 8 தான் பெற்றது. எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் அமிர்தலிங்கம் போய் உட்கார்ந்தார்.

இன்னொன்று. நம்முடைய ஜனாதிபதி வாக்குச்சீட்டில் இரண்டாம், மூன்றாம் விருப்பமும் போடலாம். பலருக்கும் பிடிக்காத ஒருவர் இரண்டாம் விருப்பத்தில் அடிபட்டுப்போவார் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். இங்கே அந்தப் பொறி வேலை செய்வதில்லை. 2024 இல் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது. முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்குப் போட்ட வாக்கு 30 இலட்சத்துக்கு மேல். அதிலிருந்து அநுரவுக்கும் சஜித்துக்கும் சேர்த்து வந்து சேர்ந்தது இரண்டே முக்கால் இலட்சம் மட்டில். நம்மவர்கள் ஒரு புள்ளடி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிற ஆட்கள். ஆகவே இங்கே வெறுப்பு வேலை செய்வதானால் முதல் புள்ளடியிலேயே செய்ய வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட தலைவர் வெளியே எத்தனை எதிரியைச் சேர்க்கிறார் என்பதை எல்லோரும் எண்ணுகிறார்கள். கட்சிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பெரிய நட்டம் அங்கேதான்.

ஒருவருடைய முகத்துக்காக மட்டும் வாக்கு விழுகிற கட்சியில், வேட்புமனுச் சபையில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரே கவலை: அந்த முகத்துக்குப் பக்கத்தில் என் முகம் போஸ்டரில் வருமா? அப்படி இருக்கிற இடத்தில் "ஐயா, இது பிழை" என்று சொல்ல யாருக்கு என்ன தேவை? 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். 2020 பொதுத்தேர்தலில் 145 ஆசனம் எடுத்த கட்சி அது. விவசாயப் பிரதேசங்களிலிருந்து வந்தவர்கள் பலர். பசளை இல்லாமல் நெல் என்ன ஆகும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் தடையை விலக்க நவம்பர் வரை ஆனது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். நடுநிலையாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். 2022 இல் காலி வீதியில் பெற்றோல் வரிசை ஒரு நிரப்பு நிலையத்தில் தொடங்கி அடுத்த நிரப்பு நிலையத்தின் வரிசையில் போய் முட்டியது. எங்கள் ஒழுங்கையில் வெற்று காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் வைத்திருந்தார்கள், ஆள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர. அந்தச் சங்கிலியில் என் சிலிண்டருக்கு முன்னால் இருந்தது ஒரு சிங்களக் குடும்பத்தினுடையது, பின்னால் ஒரு மேமன் கடைக்காரருடையது. "ஹெட்ட எனவாலு" (நாளைக்கு வருமாம்) என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சிங்கள அம்மா, 2019 இல் மொட்டுக்குப் போட்டவர். வாயால் சொல்ல வெட்கப்பட்டார். அந்தக் காலத்தில் "69 இலட்சம்" என்பதே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. யாராவது முட்டாள்தனமாக ஏதாவது செய்தால் "நீயும் 69 இலட்சத்தில ஒருத்தனா?" என்று கேட்பார்கள்.

2024 செப்டெம்பரில் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, நாமல், அதே மொட்டில் நின்றார். கிடைத்தது 342,781 வாக்கு, 2.57 வீதம். ஐந்து வருடத்தில் 69 இலட்சம் மூன்றரை இலட்சமாகிவிட்டது. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 145 ஆசனம் 3 ஆனது. தலைவர்மேல் வைத்த பாசம் கட்சிக்குக் கொடுத்த கடன் இல்லை, அவர் போனால் அதை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட அப்பட்டமான கணக்கு என் வாழ்நாளில் நான் கூட்டியதில்லை.

மொட்டாவது நேற்று முளைத்தது. சுதந்திரக் கட்சியை நினைத்துப் பாருங்கள். 1951 இல் பண்டாரநாயக்க தொடங்கியது, நாட்டைப் பல தடவை ஆண்டது. மஹிந்த அதிலிருந்து வெளியேறியது, பாம்பு சட்டை கழற்றியது போலத்தான். உயிர் வேறு பக்கம் ஊர்ந்து போய்விட்டது, சட்டை மட்டும் வேலியில் கிடந்தது. 2020 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் ஆட்கள் பெரும்பாலும் மொட்டில் நின்று வென்றார்கள். தன்னுடைய சொந்தப் பெயரிலும் கைச் சின்னத்திலும் சுதந்திரக் கட்சி வென்றது ஒரே ஒரு ஆசனம். எங்கே தெரியுமா? யாழ்ப்பாணத்தில், அங்கஜன் இராமநாதன். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவந்த கட்சிக்கு யாழ்ப்பாணத் தமிழன் ஒருவன் மானம் காத்தான். அன்று அந்த முடிவைத் தட்டச்சு செய்தபோது மேசையில் எல்லோரும் சிரித்தோம்.

அதே நாளில் சிரிக்காத ஒருவரும் அறையில் இருந்தார். எங்கள் ஒப்புநோக்குநர், கொட்டாஞ்சேனைக்காரர், பரம்பரை யானை, அதாவது ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். 2020 இல் கொவிட் காரணமாக எண்ணிக்கை மறுநாள் காலையில்தான் தொடங்கியது. மத்தியானம் சோறு பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், "மத்திய கொழும்பு வந்திட்டுதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரேமதாசவின் வாழைத்தோட்டம் இருக்கும் தொகுதி. யானை தோற்கவே தோற்காத இடம் என்று அவர் பிறந்த நாளிலிருந்து நம்பியது. முடிவு வந்தது. தாளை நான் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தார், பார்சலை மறுபடி மடித்து றப்பர் பாண்ட் போட்டார்.

ரணில் விக்கிரமசிங்க வேறு ரகம். மஹிந்த மாதிரி அவரை யாரும் தலையில் தூக்கி ஆடியதில்லை. அவரைப் பற்றிய பிளவு பெரும்பாலும் கட்சிக்குள்ளேதான்: ஒரு பக்கத்துக்கு அவர் இல்லாமல் யானை இல்லை, மறுபக்கத்துக்கு அவர் இருக்கும்வரை யானைக்கு விடிவு இல்லை. 1994 இலிருந்து தலைவர். 1999 இலும் 2005 இலும் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். அதற்குப் பிறகு 2010, 2015, 2019 என்று மூன்று முறையும் நாட்டின் மிகப் பழைய பெரிய கட்சி யானைச் சின்னத்தையே வெளியே எடுக்காமல் வேறொருவரின் அன்னச் சின்னத்துக்குப் பின்னால் நின்றது. கடைசியில் சஜித் பாதி வீட்டைப் பிரித்துக்கொண்டு போனார். இரண்டு இலக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2015 இல் ரணில் கொழும்பு மாவட்டத்தில் தனியாக வாங்கிய விருப்பு வாக்கு 500,566. 2020 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் வாங்கிய வாக்கு 249,435. ஒரு மாவட்டத்தில் ஒரு ஆள் வாங்கியதில் பாதி. ஒரு தேசியப்பட்டியல் ஆசனம்தான் மிஞ்சியது. அந்த ஒற்றைக் கதிரையில் உட்கார்ந்தபடியே மனுஷன் 2022 ஜூலையில் ஜனாதிபதி ஆனார்! கட்சி மண்ணோடு மண்ணாகிக் கிடக்க, தலைவர் மட்டும் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு உலகத்திலேயே இப்படி ஒரு உதாரணம் கிடைக்குமா தெரியவில்லை.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டே இரண்டு. ஜெயலலிதா 1996 இல் பர்கூரில் தானே தோற்று, கட்சியை 4 ஆசனத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டே வருடத்தில் மக்களவைத் தேர்தலில் அவருடைய கூட்டணி 39 இல் 30 எடுத்தது, 2001 இல் ஆட்சி. அவர் இருக்கும்வரை அந்த வாக்கு எங்கேயும் போகவில்லை. 2016 டிசம்பரில் அவர் இறந்த பிறகு கட்சி எத்தனை துண்டானது என்று சன் டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிரிட்டனில் தட்சரை 1990 இல் அவருடைய கட்சிக்காரர்களே இறக்கினார்கள். நிறம் மங்கலான ஜோன் மேஜரை வைத்து 1992 தேர்தலையும் வென்றார்கள். அங்கே கட்சியில் "போதும்" என்று சொல்ல ஆளும் முறையும் இருந்தன. இங்கே அந்த வசனத்தைச் சொல்பவன் மறுநாள் புதுக் கட்சி தொடங்க வேண்டியிருக்கிறது.

அநுரவின் ஜேவிபி, அதாவது மக்கள் விடுதலை முன்னணியின் கதை தலைகீழ். அங்கே பாதி நாட்டுக்குப் பயம் தந்தது ஆள் இல்லை, பெயர். 1971 இலும் 1987 முதல் 89 வரையும் அந்தக் கட்சியின் ஆயுதக் கிளர்ச்சிகளில் நடந்தவற்றை மறக்காத குடும்பங்கள் தெற்கில் ஏராளம். மணிச்சின்னத்தை ஒதுக்கி வைத்து, தேசிய மக்கள் சக்தி என்று பெயர் மாற்றி, திசைகாட்டியைப் பிடித்தார்கள். 2019 இல் அநுரவுக்கு 3.16 வீதம், 2024 இல் 42.31. பெயர்ப்பலகை மட்டும் அதைச் செய்யவில்லை, காஸ் வரிசைதான் செய்தது. ஆனால் பழைய பலகையோடு நின்றிருந்தால் என் சிலிண்டருக்கு முன்னால் நின்ற அந்த அம்மா அங்கே போயிருக்க மாட்டார்.

இனி, நம்முடைய வீட்டுக்கு. தெற்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு தமிழரசுக் கட்சியின் சுமந்திரனைப் பற்றி எழுதாமல் போனால் அது கோழைத்தனம்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடி அண்ணருக்குச் சுமந்திரன் என்றால் உயிர். சட்டம் தெரிந்தவர், மூன்று மொழியிலும் பேசக்கூடியவர், 2018 இல் 52 நாள் அரசாங்கக் குழப்பத்தில் நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர். ஞாயிறு பின்னேரம் அண்ணர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கதைப்பார். பத்தாவது நிமிடத்தில் சுமந்திரன் பெயர் வரும், பதினோராவது நிமிடத்தில் அண்ணர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பார். தம்பிக்கு அவர் "கொழும்பு ஆள்". 2020 மே மாதம் ஒரு சிங்கள நேர்காணலில் ஆயுதப் போராட்டத்தைத் தான் ஆதரித்ததில்லை என்று சொன்னது அந்தத் தம்பிக்கு இன்றும் ஆறவில்லை.

யாழ் மாவட்டத்தில் ஆசனக் கணக்கைப் பாருங்கள். 2015 இல் கூட்டமைப்புக்கு ஏழில் 5. 2020 இல் ஏழில் 3. 2024 இல் கூட்டமைப்பு உடைந்து தமிழரசுக் கட்சி தனியாக வீட்டுச் சின்னத்தில் நிற்க, ஆறில் 1. அந்த ஒன்றும் சிறீதரனுக்கு, சுமந்திரன் தோற்றார். இதை முழுக்க ஒரு ஆளின் தலையில் கட்டுவது நியாயமில்லை. திசைகாட்டி அலை அடித்தது, தமிழ் வாக்கு பல சுயேச்சைக் குழுக்களாகச் சிதறியது, கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா 2024 ஜூன் கடைசியில் போய்விட்டார். அதே 2024 இல் மட்டக்களப்பில் இதே கட்சி ஐந்தில் 3 எடுத்தது. என் கருத்தில், தெற்கில் மஹிந்த செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மஹிந்த எதிரிகளை ஒன்று சேர்த்தார். சுமந்திரனைப் பற்றிய சண்டை சொந்தக்காரர்களைப் பிரித்தது. 2024 ஜனவரியில் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு வைத்து, சிறீதரன் 184, சுமந்திரன் 137 என்று வந்த அன்றே கட்சி இரண்டு முகாமாகிவிட்டது. அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவிக்க, கட்சியின் முன்னாள் எம்பி அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 226,343 வாக்கு எடுத்தார். விகிதாசாரத்தில் எதிரி திரண்டாலும் உன் பங்கு உனக்கு உண்டு. வீட்டுக்காரன் பிரிந்தால் பங்கே குறையும்.

ஆனால் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதே தமிழரசுக் கட்சி யாழ் மாவட்டத்தில் மறுபடி முதலாவதாக வந்தது. பதில் பொதுச்செயலாளராக இருந்து வேலையைப் பார்த்தவர் சுமந்திரன். இந்த முறை அவர் பெயர் வாக்குச்சீட்டுக்குப் பக்கத்திலேயே இல்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் நின்றது உள்ளூர் ஆட்கள், வாசிகசாலைத் தலைவர், பனங்கூட்டுறவுச் செயலாளர், அப்படி. யாழ்ப்பாணத்துத் தம்பி யாருக்குப் போட்டார் என்று அண்ணர் கேட்டாராம். "எங்கட ஒழுங்கைப் பெடியனுக்கு" என்று பதில். என்ன சின்னம் என்று அண்ணர் விடாமல் கேட்க, கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வீடுதான்" என்றாராம், போனை வைக்கிற அவசரத்தில்.

மொட்டும் அதே தேர்தலில் 3 வீதத்திலிருந்து 9 வீதத்துக்கு மேல் வந்தது. அது குடும்பத்துக்கு விழுந்ததா, அங்கேயும் ஒழுங்கைப் பெடியன்களுக்கு விழுந்ததா என்பதை, நாமல் அடுத்த முறை தன் முகத்தோடு நிற்கும்போது கூட்டிப் பார்க்க வேண்டும். நான் இப்போது மேசையில் இல்லை. ஆனாலும் பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொள்வேன்.